லண்டன் பூஞ்சணமும் கோண்டாவில் குளியலறையும்

தம்பி, நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். லண்டனில் வாடகை வீட்டுக் குளியலறைக் கூரையிலும் அலுமாரிக்குப் பின்னால் உள்ள சுவரிலும் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கிறது, என்ன செய்யலாம் என்பது ஒன்று. யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் அம்மா அப்பா வீடு திருத்துகிறார்கள், குளியலறையையும் குசினியையும் லண்டன் மாதிரியே செய்யச் சொல்லலாமா என்பது மற்றது. இரண்டாவதுக்கு என் பதில்: வேண்டாம். ஏன் என்பது முதலாவது விளங்கினால்தான் விளங்கும்.

20 பாகை சூட்டில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 10 பாகைக்குக் குளிர்ந்தால் 9 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். மிச்சம் முழுக்கச் சுவரில் வியர்த்துவிடும். அலுமாரிக்குப் பின்னால் சூடும் போகாது, காற்றும் போகாது. அதனால்தான் அங்கே முதலில் பிடிக்கிறது. ஊரில் வெளியே 28 பாகை என்றால் உள்ளேயும் கிட்டத்தட்ட அதுதான். சுவர் குளிராது, யன்னலும் பகல் முழுக்கத் திறந்து கிடக்கும்.

ஆகவே லண்டனில் உங்கள் வேலை ஈரத்தை வீட்டை விட்டு வெளியே அனுப்புவது. குளிக்கும்போது கதவைச் சாத்தி, காற்றை வெளியே இழுக்கும் விசிறியைப் போடுங்கள், குளித்த பிறகும் 20 நிமிடமாவது ஓடட்டும். மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றை விசிறியில் வைத்துப் பாருங்கள். ஒட்டி நிற்காவிட்டால் அது சத்தம் போடுகிறதே தவிரக் காற்றை இழுக்கவில்லை. இங்கிலாந்துக் கட்டட விதிகளின்படி புதிதாகப் பூட்டும் குளியலறை விசிறி வினாடிக்கு 15 லீற்றர் காற்றை வெளியே தள்ள வேண்டும். குசினியில் அடுப்புக்கு மேல் என்றால் 30, வேறு இடத்தில் என்றால் 60. புட்டும் இடியப்பமும் அவிக்கிற எங்கள் வீடுகளுக்கு இது மிகவும் முக்கியம். சில அடுப்பு விசிறிகள் காற்றைக் கரிவடியில் வடித்துத் திரும்ப உள்ளேயே விடும். மணம் குறையும், ஈரம் அப்படியே நிற்கும். உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள்.

உடுப்பை அறைக்குள் காயப்போட வேண்டாம், ஒரு தடவை தோய்த்த உடுப்பில் இருந்து 2 லீற்றர் அளவு தண்ணீர் காற்றில் கலக்கும். வேறு வழியில்லை என்றால் குளியலறையில் போட்டு, கதவைச் சாத்தி, விசிறியை ஓடவிடுங்கள். அலுமாரியைச் சுவரில் இருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். காசு மிச்சம் என்று ஹீற்றரை முழுக்க நிறுத்தவும் வேண்டாம்.

பிடித்த பூஞ்சணத்தை உலர்ந்த துணியால் தேய்த்தால் வித்திகள் அறை முழுக்கப் பறக்கும். கையுறை போட்டு, யன்னலைத் திறந்து, பூஞ்சணம் நீக்கி அடித்து ஈரத்துணியால் துடையுங்கள். பிளீச்சோடு கழிவறை கழுவும் அசிட்டை ஒருபோதும் சேர்க்க வேண்டாம், குளோரின் வாயு வரும். தொட்டி ஓரத்து சிலிக்கோன் உள்ளுக்குள்ளேயே கறுத்திருந்தால் துடைத்துப் பயனில்லை. வெட்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, பூஞ்சணம் தடுக்கும் சிலிக்கோன் புதிதாகப் போட வேண்டும்.

வீட்டுக்காரர் "யன்னலைத் திற" என்று மட்டும் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். விசிறி வேலை செய்யாததும் கூரை ஒழுகுவதும் அவருடைய பொறுப்பு. படம் எடுத்து, திகதி போட்டு, மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாடகை வீடு மனிதர் குடியிருக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 2018ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அவர் அசையாவிட்டால் உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலில் முறையிடலாம். இங்கிலாந்தின் ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை வீட்டுப் பூஞ்சணத்தால் 2020 டிசெம்பரில் இறந்தது. அந்தப் பிள்ளையின் பெயரால் வந்த சட்டம் 2025 ஒக்ரோபரில் இருந்து, கவுன்சிலும் வீட்டுச் சங்கங்களும் வாடகைக்கு விடும் சமூக வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்திருக்கிறது. நாங்கள் லண்டன் வந்து கொஞ்சக் காலம்தானே என்று பேசாமல் இருக்க வேண்டாம், வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

சரி, கோண்டாவில். யன்னல் இல்லாத குளியலறையை ஏசி போட்ட படுக்கையறையோடு ஒட்டிக் கட்டி, கூரைக்கு ஜிப்சம் பலகை அடிப்பது இப்போது ஊரில் நடக்கிறது. லண்டன் பூஞ்சணத்தைக் காசு கொடுத்து இறக்குமதி செய்கிற வேலை அது. வெளிச்சுவரில் யன்னல் வைத்து, அதற்கு மேல் காற்றுப் போக ஓட்டையுள்ள பூக்கல்லும் விடச் சொல்லுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில்கூட அந்த அறை காய்ந்துவிடும்.

அங்கே தொல்லை தருவது சுண்ணாம்புத் தண்ணீரும் கறையானும். குடாநாட்டுக்கு அடியில் சுண்ணாம்புக்கல், அதனால் கிணற்றுத் தண்ணீர் காய்கிற இடமெல்லாம் வெள்ளை படியும். கண்ணாடித் தடுப்பும் கறுப்புக் குழாயும் படத்தில் வடிவுதான். ஆனால் தினமும் துடைக்க அம்மாவால் ஏலுமா? பித்தளையில் குரோம் பூசிய சாதாரணக் குழாய் போதும். நிலத்துக்கு வழுக்காத, மினுக்கமில்லாத போர்சலின் ரைல்ஸ் போடுங்கள். குளிக்கிற இடத்தில் சின்ன ரைல்ஸ்தான் நல்லது, இரண்டடி ரைல்ஸில் வாட்டம் சரியாக வராது, தண்ணீர் தேங்கும். குளிக்கிற இடத்திலும் அடுப்புக்குப் பின்சுவரிலும் ரைல்ஸ் இடைவெளியை எபொக்சி என்ற இறுகும் பசை கொண்டு நிரப்புங்கள். சீமெந்து நிரப்பினால் மஞ்சள் கறை ஏறிவிடும், அசிட் ஊற்றிக் கழுவினால் அரித்தும் போகும். எபொக்சி எங்கள் வெயிலுக்குச் சீக்கிரம் இறுகும், மேசன் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைக்க வேண்டும்.

குசினி மேடைக்குக் கிரனைற். மாபிளில் தேசிக்காய்ப்புளி சிந்தினால் மினுக்கம் போய்விடும். பன்ரி கபேட்டுக்கு மரத்தூளையும் சீவலையும் அழுத்திச் செய்த எம்டிஎஃப், சிப்போட் பலகை இரண்டும் வேண்டாம், ஈரத்தில் ஊதும், கறையானும் விடாது. அலுமினியத்தில் செய்து, நிலத்தில் முட்டாமல் கால் வைத்து நிறுத்தச் சொல்லுங்கள்.

எந்தப் பொருளை வாங்கினாலும் ரைல்ஸ் ஒட்ட முன்னர் ஒரு சோதனை செய்விக்க வேண்டும். நீர்க்காப்புப் பூச்சு காய்ந்ததும் குளியலறை வடிகாலை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணித்தியாலம் விட வேண்டும். பக்கத்து அறைச் சுவர் நனைகிறதா என்று பார்க்கத்தான். மேசன் ஒரு நாள் வீண் என்று சொன்னால் அந்த நாள் கூலியைச் சேர்த்து அனுப்பிவிட்டு, தண்ணீர் கட்டிய படத்தையும் மறுநாள் படத்தையும் வட்ஸ்அப்பில் அப்பாவிடம் கேளுங்கள்.