குழந்தைக்குக் கிட்னி ஸ்கேன்: பெற்றோர் கேட்டதும் என் பதில்களும்

குழந்தைகளுக்கு ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜி மருத்துவர் நான். சிறுநீரகம், சிறுநீர்ப்பை ஸ்கேன் பற்றிப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு தாய்: 8 மாதப் பெண் குழந்தை. காய்ச்சலோடு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தது. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். இவ்வளவு சின்ன உடம்புக்கு ரேடியேஷன் தாங்குமா டாக்டர்?

அல்ட்ராசவுண்டில் ரேடியேஷனே கிடையாதும்மா. தோலில் வைக்கும் கருவி ஒலி அலைகளை அனுப்புகிறது. அவை உறுப்புகளில் பட்டுத் திரும்புவதை வைத்துப் படம் உருவாகிறது. நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். குழந்தைகளுக்கு நாங்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் 5 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை. அதிர்வு எண் கூடக் கூடப் படம் துல்லியமாகும், ஆனால் ஆழமாகப் போகாது. குழந்தையின் வயிறு மெல்லியது என்பதால் அந்தக் குறை இங்கே பாதிப்பதில்லை. பெரியவர்களை விடக் குழந்தைகளின் சிறுநீரகம் தெளிவாகத் தெரிவது இதனால்தான். தயங்காமல் எடுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு தந்தை: பையனுக்கு ஒன்றரை வயது. முதல் இன்ஃபெக்‌ஷனின்போது ஸ்கேன் நார்மல். இப்போது மறுபடி காய்ச்சலோடு வந்திருக்கிறது. எம்.சி.யு. எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாம். ஸ்கேன்தான் நார்மலாயிற்றே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். எம்.சி.யு. என்பது சிறுநீர்ப்பைக்குள் மெல்லிய டியூப் வழியாக எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை விட்டு, பை நிரம்பும்போதும் குழந்தை ஒன்னுக்குப் போகும்போதும் எடுக்கும் எக்ஸ்ரே.

சாதாரண ஸ்கேனில் சிறுநீரகத்தின் அளவு, வீக்கம், கல், பிறவி அமைப்புக் கோளாறுகள் தெரியும். தெரியாதது, பையிலிருந்து சிறுநீர் சிறுநீரகத்தை நோக்கி மேலே ஏறுகிறதா, அதாவது பின்னோட்டம் இருக்கிறதா என்பது. மேலே போனாலும் கீழே வந்தாலும் திரவம் திரையில் ஒரே கருப்பாகத்தான் இருக்கும். குழாய் விரிந்திருந்தால் சந்தேகப்படலாம், விரியாமலே பின்னோட்டம் உள்ள குழந்தைகளும் உண்டு. காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இந்தப் பின்னோட்டம் இருக்கிறது. அதனால் நார்மல் ரிப்போர்ட்டை வைத்துப் பின்னோட்டம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அதற்காக முதல் காய்ச்சலுக்கே எல்லோருக்கும் எம்.சி.யு. எடுப்பதும் சரியில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 மாதம் முதல் 2 வயது வரை உள்ளவர்களுக்கு முதல் தொற்றுக்கு ஸ்கேன் போதும் என்றது. அதில் கோளாறு தெரிந்தாலோ காய்ச்சல் தொற்று திரும்ப வந்தாலோ எம்.சி.யு. பற்றி யோசிக்கச் சொன்னது. உங்கள் பையன் அந்த இரண்டாவது கட்டத்துக்கு வந்திருக்கிறான். மருத்துவர் கேட்டது நியாயம்தான். இன்றைய நல்ல இயந்திரங்களில் இதன் கதிர்வீச்சு பொதுவாக ஒரு மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. இயற்கையிலிருந்து ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சேர்வதோ உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். பயந்து தள்ளிப்போட்டு, தொற்று திரும்பத் திரும்ப வந்து சிறுநீரகத்தில் தழும்பு விழுந்தால் அது மாறாது.

அதே தந்தை: எக்ஸ்ரே இல்லாமல் பின்னோட்டம் பார்க்க வழியே இல்லையா?

இருக்கிறது. கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் என்று கேளுங்கள். சிறுநீர்ப்பைக்குள் மெல்லிய டியூப் வழியாக மிக நுண்ணிய வாயுக் குமிழிகள் கலந்த திரவத்தை விடுவார்கள். உள்ளே சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடு வாயு, ஒவ்வொரு குமிழியும் சில மைக்ரான்தான். கருப்பாக இருந்த பை வெள்ளையாகப் பளிச்சிடும். அந்த வெள்ளை மேலே சிறுநீரகத்தில் தெரிந்தால் பின்னோட்டம். எவ்வளவு ஏறுகிறது என்பதைப் பார்த்து 1 முதல் 5 வரை கிரேடு போடலாம். 2016 டிசம்பரில் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு இதை அனுமதித்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, நேரக் கணக்குப் பார்க்காமல் தொடர்ந்து பார்க்க முடிவது. பின்னோட்டம் விட்டு விட்டுத்தான் வரும். எக்ஸ்ரேயில் கதிர்வீச்சுக்காக அவ்வப்போதுதான் பார்ப்போம். இதில் பை நிரம்பிக் காலியாகும் வரை பார்த்துக்கொண்டே இருக்கலாம், வேண்டுமென்றால் மறுபடி நிரப்பலாம். டியூப் போடுவது மட்டும் இதிலும் உண்டு. எல்லா ஊரிலும் செய்வதில்லை. பெரிய குழந்தைகள் மருத்துவமனையில் விசாரியுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாய்: வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்கு ஒரு கிட்னி வீக்கம் என்றார்கள். பிறந்த அன்றே ஸ்கேன் பார்த்து ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள். இத்தோடு விடலாமா?

விட வேண்டாம். பிறந்த முதல் ஓரிரு நாள் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகவே சுரக்கும், வீக்கம் இருந்தாலும் சுருங்கித் தெரியும். முதல் ஸ்கேனை 48 மணி நேரத்துக்குப் பிறகு எடுக்கச் சொல்வது இதனால்தான். அன்று நார்மலாக இருந்தாலும் சில வாரம் கழித்து இன்னொன்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் பெரிய வீக்கம், ஒரே சிறுநீரகம், பனிக்குட நீர் குறைவு என்றால் மட்டும் காத்திருக்காமல் உடனே பார்ப்போம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கருவில் தெரியும் லேசான வீக்கம் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாமல் தேதி தவறாமல் மட்டும் போங்கள்.

சேலம்: 6 வயதுப் பையன் இரவில் படுக்கையை நனைக்கிறான். ஸ்கேன் வேண்டுமா?

இரவில் மட்டும்தான், பகலில் எந்தத் தொல்லையும் இல்லை என்றால் பொதுவாக வேண்டாம். பகலிலும் சொட்டினாலோ, முக்கிப் போனாலோ, தொற்று வந்திருந்தாலோ எடுங்கள்.

கோவை: பத்து வயது மகளுக்குக் கல் இருக்குமோ என்று சந்தேகம். நேரே சி.டி. எடுத்துவிடலாமா?

முதலில் அல்ட்ராசவுண்ட். சிறுநீரகக் குழாயின் நடுப்பகுதியில் உள்ள சின்னக் கல் அதில் தப்பிவிடலாம், உண்மைதான். வலி இருந்து, ஸ்கேனில் விடை கிடைக்காமல் போனால் குறைந்த கதிர்வீச்சு அளவில் சி.டி. எடுக்கலாம்.

சென்னை: போன தடவை மகள் கத்தி அழுது பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். எப்படித் தயார்செய்வது?

பச்சைக் குழந்தையென்றால் ஸ்கேனுக்குச் சற்று முன் பால் கொடுங்கள், மடியிலேயே வைத்துப் பார்க்கலாம். ஜெல்லைச் சூடாக்கி வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த ஜெல் பட்டதும் ஒன்னுக்குப் போய்விடும் குழந்தைகள் ஏராளம். அதனாலேயே நான் டயப்பரைத் திறந்ததும் முதலில் சிறுநீர்ப்பையைப் பார்த்துவிடுவேன், சிறுநீரகம் எங்கும் ஓடிவிடாது. அசைவை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் போட்டால் இரண்டு பக்கக் குழாயிலிருந்தும் சிறுநீர் பைக்குள் சிவப்புத் தீப்பொறி மாதிரிப் பீய்ச்சுவது தெரியும். அழும் பெரிய குழந்தைக்கு அதைக் காட்டினால் பாதி அழுகை நின்றுவிடும்.

சொன்னால் புரிந்துகொள்ளும் வயது என்றால் தண்ணீர் குடிக்கவைத்து அழைத்து வாருங்கள். பை நிறைந்ததும் ஒரு முறை, ஒன்னுக்குப் போனதும் ஒரு முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எவ்வளவு தங்குகிறது என்பது இரண்டாவதில்தான் தெரியும். ரிப்போர்ட்டில் அந்த அளவு இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.