கீழே விழுந்த பழைய கமரா லென்ஸுக்கு உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. கேட்டவரும் என்னைப் போல அப்பாவிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ வந்த லென்ஸைத்தான் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இவ்வளவு மெனக்கெட்டு உதிரிப்பாகம் தேட மாட்டார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். புது உதிரிப்பாகம் கிடைக்காது. அதே மொடலில் வேறு விதமாகப் பழுதான லென்ஸ் ஒன்றை வாங்கி, அதிலிருந்து கழற்றிப் போட வேண்டும். நான் கமரா திருத்துபவன் இல்லை. ஒரேயொரு லென்ஸில் கண்ட அனுபவம்தான் இது.

என்னுடையது சூப்பர் டகுமார் 55 மி.மீ., எஃப் 1.8 (எஃப் எண் என்பது லென்ஸின் வாய் எவ்வளவு விரியும் என்ற கணக்கு, எண் கூடினால் வாய் சிறியது). அப்பா மட்டக்களப்பு டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில் அசாஹி பென்டக்ஸ் ஸ்பொட்மெடிக் கமராவோடு சேர்த்துப் பழையதாக வாங்கியது. 1978 நவம்பர் 23 சூறாவளி அடித்து ஓய்ந்த பிறகு, தலை முறிந்து கிடந்த தென்னைகளையும் கூரை இல்லாத வீடுகளையும் அப்பா எடுத்தது இதே லென்ஸால்தான். போன வருஷம் கல்லடியில் எங்கள் வீட்டு வாசற்படியில் என் கையிலிருந்தே நழுவி விழுந்தது.

முன்பக்கம் ஃபில்டர் பூட்டும் 49 மி.மீ. வளையம் நசுங்கிவிட்டது. அதைவிட மோசம் உள்ளே. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அப்பேச்சர் தகடுகள் ஆறில் ஒன்றின் முனையிலிருந்த சின்னக் குமிழ் கழன்று, தகடு குறுக்கே கிடந்தது. கொழும்பில் இரண்டு இடத்தில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை, புதிதாக ஒன்று வாங்கச் சொன்னார்கள்.

கடைசியில் காத்தான்குடியில் மணிக்கூடு திருத்தும் காக்கா ஒருவரிடம் (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) கொண்டுபோனேன். கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்து நிறைய நேரம் பார்த்தார். “தம்பி, இது ஒட்டினா நிற்கிற சாமான் இல்ல. இதே மாதிரி கெட்டுப்போன ஒன்றைத் தேடிக் கொண்டு வாங்க, நான் மாற்றித் தாறன்” என்றார்.

எஃப் 1.8 தேடினால் நல்ல நிலையில் இருப்பதுதான் வந்தது, விலையும் கூட. அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். அதே கம்பனி விற்ற 55 மி.மீ. எஃப் 2 லென்ஸும் இதே லென்ஸ்தான். உள்ளே ஒரு வளையத்தை வைத்து வாயைக் குறுக்கி, விலை குறைந்த மொடலாக விற்றார்கள். பழைய சாமான் விளம்பரம் ஒன்றில் எஃப் 2 அகப்பட்டது. கண்ணாடி முழுக்கச் சிலந்திவலை போலப் பூஞ்சணம். யாருக்கும் வேண்டாத லென்ஸ், ஆனால் தகடுகள் ஆறும் சுத்தம். 4,500 ரூபாய் கொடுத்தேன். இரவு பஸ்ஸில் ஒன்றுவிட்ட தம்பி கொண்டுவந்தான்.

காக்கா மேசையில் வெள்ளைத் துணி விரித்துத் தகடுகளை அடுக்கியதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் மீன் செதில் அளவு, கரிய நிறம், மூச்சு விட்டால் அசையும். ஐந்தையும் வட்டமாக ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வைத்துவிட்டு, ஆறாவதை முதலாவதின் அடியில் நுழைத்தார். மூன்று தடவை குலைந்தது. நாலாவது தடவை வளையத்தைத் திருப்பினார், ஆறும் ஒன்றாகச் சுருங்கி விரிந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நசுங்கிய வளையத்துக்கும் அந்த எஃப் 2வின் வளையமே பொருந்தியது.

“இந்தச் செலவுக்கும் அலைச்சலுக்கும் புது 50 மி.மீ. வாங்கியிருக்கலாமே” என்று யாராவது கீழே எழுதுவார்கள். வாங்கலாம்தான். படம் மட்டும் வேண்டும் என்றால் அதுதான் சரி. எனக்கு வேண்டியது அப்பா தொட்டுத் திருப்பிய அந்த வளையம்.

அப்பாவைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சூறாவளிப் படங்களின் நெகட்டிவ்களைக் கண்காட்சிக்கென்று ஓர் அமைப்பு வாங்கிக்கொண்டு போனது. படங்களைப் பெரிதாக்கி மாட்டினார்கள். ஒன்றின் கீழும் அப்பாவின் பெயர் இல்லை. நெகட்டிவ்களும் திரும்பி வரவில்லை. எத்தனையோ தடவை கேட்டும் அலுவலகம் மாறிவிட்டது, ஆள் மாறிவிட்டார் என்ற பதில்தான். அப்பா சாகும்வரை அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. உங்களிடம் நெகட்டிவ் இருந்தால் பிரதியை மட்டும் கொடுங்கள், மூலத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

சரி, லென்ஸுக்கு வருகிறேன். ஜப்பான் லென்ஸ்களின் குறுக்குத் தலைத் திருகாணி நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்க்ரூடிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது, வழுக்கித் தலை தேய்ந்துவிடும். ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) முனை என்று கேட்டு வாங்குங்கள். முன்னால் பெயர் எழுதிய வளையத்தைக் கூரான எதனாலும் நெம்ப வேண்டாம், ரப்பர் துண்டை வைத்து அழுத்தித் திருப்பினால் கழரும். ஃபோகஸ் செய்யும்போது கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தும் மரையைப் பிரிப்பதானால், பிரிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த மரைக்குத் தொடக்கம் பல இடத்தில் இருக்கும். தப்பான இடத்தில் பூட்டினால் தூரத்துக் காட்சி தெளியாது. டகுமாரில் கண்ணாடி மஞ்சள் பூத்திருந்தால் அதற்கு மாற்றுக் கண்ணாடி தேடாதீர்கள். சில வகைகளில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கண்ணாடி அப்படித்தான் ஆகும், நாட்கணக்கில் வெயிலில் வைத்தால் பெரும்பாலும் வெளுக்கும்.

உங்கள் லென்ஸின் முன் வளையத்தில் எழுதியிருப்பதை அப்படியே கீழே எழுதுங்கள். அந்த எஃப் 2வில் இன்னும் ஐந்து தகடுகள் மிச்சம் இருக்கின்றன. பொருந்துமானால் ஒன்றைத் தருகிறேன், காசு வேண்டாம்.