நாணயக் கேள்வி–பதில்: கழுகும் ஆண்டும் பொருந்துகிறதா?

சோர் பஜாரில் 1,200 ரூபாய் கொடுத்து ஓர் அமெரிக்க வெள்ளி டாலர் வாங்கினேன். ஆண்டு 1797. பின்பக்கத்தில் மார்பில் கேடயத்தோடு பெரிய கழுகு. எடை 19.8 கிராம். ஓரம் நம் பழைய ரூபாய் போல வரி வரியாக இருக்கிறது. அசல்தானா?
— செம்பூர் வாசகர்

இல்லை. எடை போடும் முன்பே கழுகு காட்டிக்கொடுத்துவிட்டது. 1797 டாலரில் இருக்க வேண்டியது மேகத்தின் மேல் நிற்கும் மெலிந்த சின்னக் கழுகு. அதைச் சுற்றி இலை வளையம். கேடயக் கழுகு டாலருக்கு வந்தது 1798 ஆண்டு அச்சில்தான். 1798-க்கு மட்டும் இரண்டு கழுகும் உண்டு. போலி செய்கிறவர்கள் பின்பக்கத்துக்கு ஒரே அச்சை வைத்துக்கொண்டு முன்பக்கத்தில் ஆண்டை மட்டும் மாற்றி மாற்றி அடிப்பார்கள். அதனால் கழுகும் ஆண்டும் பொருந்தாமல் போவதுதான் முதலில் கண்ணில் படும் குறை.

மற்றதும் ஒத்துவரவில்லை. அந்தக் கால டாலரின் சட்ட எடை 416 கிரெய்ன், அதாவது 26.96 கிராம். நம் வெள்ளி ரூபாய் 180 கிரெய்ன், ஒரு தோலா. அந்தக் கணக்கில் டாலர் இரண்டேகால் தோலாவுக்குச் சற்று மேலே. எவ்வளவு தேய்ந்தாலும் ஏழு கிராம் குறையாது. ஓரத்திலும் வரிப் பல் கிடையாது. 'ஹண்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்' என்று எழுத்து பதிந்திருக்கும். நாணயத்தில் அதன் மதிப்பு எழுதியிருந்த இடமே அந்த ஓரம்தான்.

கடைக்காரர் அடுத்த முறை 1804 டாலரைக் காட்டினால் கையில்கூட வாங்க வேண்டாம். உலகில் அறியப்பட்டவை மிகச் சிலவே. அவையும் 1804-இல் அடித்தவை அல்ல. முதல் தொகுதி 1834-இல், சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசு கொடுப்பதற்காக அடிக்கப்பட்டது.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். 1795 என்று ஆண்டு போட்ட 5 டாலர் தங்க நாணயத்தில் கேடயக் கழுகு இருந்தால் அது போலி என்று உடனே தள்ளிவிடாதீர்கள். எஃகு அச்சு விலையுயர்ந்த பொருள் என்பதால் மீந்துபோன பழைய முன்பக்க அச்சைப் பிறகு எடுத்துப் புதுக் கழுகோடு சேர்த்து அடித்திருக்கிறார்கள். வெள்ளி டாலரில் அப்படி 1795 கேடயக் கழுகு கிடையாது.

அமெரிக்க அரசு முத்திரையில் கழுகு வலது காலில் ஆலிவ் கிளையும் இடது காலில் அம்புகளும் பிடித்திருக்கிறது. 1800 டாலரின் படத்தில் இது மாறியிருக்கிறதே? போருக்குத் தயார் என்று காட்டத்தான் மாற்றினார்கள் என்கிறார்களே?
— மாட்டுங்கா கல்லூரி மாணவி

நீங்கள் கவனித்தது சரி. 1782-இல் ஏற்ற முத்திரையில் ஆலிவ் கிளை கழுகின் வலது காலில், அதாவது நமக்கு இடப்பக்கம். அமெரிக்க நாணயச் சாலையின் தலைமைச் செதுக்குநர் ராபர்ட் ஸ்காட் செதுக்கிய கேடயக் கழுகில் அந்த இடத்தில் அம்புக்கட்டு வந்துவிட்டது.

போர்க் கதை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆண்டு இடிக்கிறது. பிரான்சோடு கடலில் மோதல் மூண்டது 1798-இல். இந்தக் கழுகோ 1796-இலேயே இரண்டரை டாலர் தங்க நாணயத்தில் வந்துவிட்டது. கேடயக் கழுகு முதலில் உட்கார்ந்ததே அந்தச் சின்னத் தங்கத்தில்தான். அச்சில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும், ஸ்காட் அதை மறந்திருப்பார் என்பது இன்னொரு விளக்கம். அதுவும் முழுதாக ஒட்டவில்லை. அப்படி மறந்திருந்தால் தலையும் மறுபக்கம் திரும்பியிருக்க வேண்டும். தலை முத்திரையில் இருப்பது போலவே நமக்கு இடப்பக்கம்தான் பார்க்கிறது. கால்களில் இருப்பவை மட்டும் இடம் மாறியிருக்கின்றன. காரணம் எதுவானாலும் சேகரிப்பவருக்கு இது நல்ல அடையாளம்.

அதே நாணயச் சாலையின் உதவிச் செதுக்குநர் ஜான் ரைக் 1807-இல் அரை டாலருக்கு வரைந்த கழுகில் ஆலிவ் கிளை தன் இடத்துக்குத் திரும்பியது. ஸ்காட் கழுகு அலகில் கவ்விய நாடா போய், 'இ ப்ளூரிபஸ் யூனம்' ('பலவற்றிலிருந்து ஒன்று' என்ற லத்தீன் வாசகம்) எழுதிய நாடா தலைக்கு மேலே தனியாக வந்தது. கீழே '50 சி.' என்று மதிப்பும் பதிந்தது. 1807 அரை டாலரில் ஸ்காட் கழுகும் உண்டு, ரைக் கழுகும் உண்டு. வாங்கும்போது எது என்று கேட்டு வாங்குங்கள்.

1796 பத்து சென்ட் நாணயத்தில் மதிப்பே எழுதவில்லையே?
— சயான் வாசகர்

1792 நாணயச் சட்டம் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் பின்பக்கத்தில் கேட்டது இரண்டுதான்: கழுகு, நாட்டின் பெயர். அளவையும் எடையையும் வைத்தே மக்கள் அடையாளம் கண்டார்கள். '10 சி.' வந்தது 1809-இல். 1837 சட்டம் பத்து சென்ட், ஐந்து சென்ட் இரண்டிலிருந்தும் கழுகையே எடுத்துவிட்டது.

ஏலப் பட்டியலில் ஒரு 1795 டாலரின் படம் பார்த்தேன். கூந்தல் இழை இழையாகத் தெரிகிறது. கழுகின் மார்பு மட்டும் மொழுக்கென்று இருக்கிறது. குறுக்கே கோடுகள் வேறு. 'புழங்காதது' என்று விற்கிறார்கள். நம்பலாமா?
— முலுண்ட் வாசகர்

மார்பை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். கையால் இயக்கிய திருகு அழுத்தியில் அடித்த நாணயங்கள் இவை. முன்பக்க முகத்தின் மேடான பகுதிக்கும் கழுகின் மார்புக்கும் ஒரே இடத்து உலோகம்தான் பங்கு போக வேண்டும். இரண்டு அச்சுக் குழிகளையும் நிரப்ப அழுத்தம் போதாமல் மார்பு இறகு பதியாமலே நின்றுவிடும். 1794 டாலரில் நிலைமை இன்னும் மோசம். மொத்தம் 1,758 வெளியிட்டார்கள். டாலர் அளவுக்கு அந்த இயந்திரத்தின் பலம் போதவில்லை, அச்சுகளும் ஒன்றுக்கொன்று இணையாக அமையவில்லை. அதனால் ஒரு பக்க விளிம்பு முழுதும் மங்கல்.

பத்து மடங்கு லென்ஸை எடுத்து மார்பை விட்டுவிட்டு இறக்கையின் மேல் விளிம்பையும் கால் தொடையையும் தலை உச்சியையும் பாருங்கள். கையில் புழங்கிய நாணயம் என்றால் இந்த மேடுகள் எல்லாமே சேர்ந்து தேய்ந்திருக்கும். தேய்ந்த இடம் வழவழப்பாக, ஒளி செத்த சாம்பல் நிறத்தில் இருக்கும். இறக்கை விளிம்பு கூராக இருந்து மார்பு மட்டும் சொரசொரப்பாகத் தட்டையாக இருந்தால் அச்சு பதியவில்லை என்று பொருள்.

கோடுகள் பெரும்பாலும் அரம் போட்ட தடம். எடை கூடிய வில்லையை (இன்னும் அச்சு பதியாத வெற்று வட்டத் தகட்டை) அடிப்பதற்கு முன் அரத்தால் ராவிச் சரிசெய்வார்கள். அழுத்தம் நன்றாக விழுந்த இடத்தில் அந்தத் தடம் நசுங்கி மறையும். மார்பிலும் விளிம்பிலும் தங்கிவிடும். பிறகு யாரோ கீறியது என்றால் கோடு எழுத்தின் மேலேயே ஏறிப் போகும், ஓரத்தில் சிறு பிசிறு நிற்கும். அரத் தடம் விலையைக் குறைக்கும், ஆனால் அசல் தன்மையைக் குறைக்காது. எடை குறைந்த வில்லைகளையும் விடவில்லை. 1795-இல் சிலவற்றின் நடுவில் வெள்ளிச் செருகு வைத்து அடித்திருக்கிறார்கள். கழுகின் நடுவில் வட்டமாக ஒரு நிழல் தெரிந்தால் அதுவாக இருக்கலாம்.

ஜவேரி பஜாரில் மெஷினில் வைத்துப் பார்த்து '90 டச்' (90 சதவீதத் தூய்மை) என்றார்கள். வீட்டில் சரிபார்க்க வழி உண்டா?
— தாராவி வாசகர்

எக்ஸ்ரே மெஷின் மேல்தோலைத்தான் படிக்கும். கனமாக முலாம் பூசினால் ஏமாந்துவிடும். தண்ணீர்ச் சோதனை உள்ளே வரை போகும். 0.01 கிராம் காட்டும் தராசில் முதலில் நாணயத்தின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துச் சுழியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியிலோ பக்கத்திலோ தொடாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவதால் முதல் எடையை வகுங்கள். அந்தக் கால டாலரின் சட்டத் தூய்மையான 89.24 சதவீத வெள்ளிக்கு விடை 10.3 அளவில் வரும். 26.96 கிராம் நாணயத்துக்குத் தராசு 2.6 காட்ட வேண்டும். பித்தளை என்றால் 3.1, 3.2 என்று ஏறும்.

தப்பு வருவது இரண்டு இடத்தில். கழுகின் இறகு இடுக்கில் காற்றுக் குமிழ் ஒட்டினால் எண் கூடி, நல்ல வெள்ளியும் மட்டமாகத் தெரியும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு மறுபடி முக்குங்கள். நாணயம் அடியைத் தொட்டால் எண் தாறுமாறாகும். தேய்ந்த நாணயம் எடை குறைந்தாலும் இந்த விகிதம் மாறாது. ஆனால் வெள்ளியிலேயே வார்த்த போலியும் இதில் தேறிவிடும். அதற்குக் கேடயத்தைப் பாருங்கள்: வார்ப்பில் நெடுக்குப் பட்டைகளின் நுண்கோடுகள் ஒன்றாக இழைந்து, இடையில் ஊசிமுனைக் குழிகள் தெரியும்.

உங்கள் நாணயத்தில் '420 கிரெய்ன்ஸ், 900 ஃபைன்' என்று இருந்தால் அது 1873-இல் தொடங்கிய வர்த்தக டாலர். எடை 27.22 கிராம், ஓரத்தில் வரிப் பல், கழுகுக்கு மார்பில் கேடயம் கிடையாது. அது வேறு வகை. மேலே சொன்ன எடையோடு ஒப்பிடாதீர்கள்.

சோதனைக்கு முன் விபூதியோ புளியோ போட்டுத் தேய்த்துவிட வேண்டாம். குத்துவிளக்குக்குப் பளபளப்பு அழகு. 200 வருட வெள்ளியில் அதே பளபளப்பு பாதி விலையைத் தின்றுவிடும்.

தரச் சான்றிதழுக்காக என் 1799 டாலரை கூரியரில் அமெரிக்காவுக்கு அனுப்பலாமா?
— வாஷி வாசகர்

கூடாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டைக் கடந்த நாணயம் தொல்பொருள். எந்த நாட்டு நாணயம் என்பது பொருட்டல்ல. மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இரு பக்கத்தையும், முக்கியமாக ஓர எழுத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெளிவாகப் படமெடுத்து, படத்தை மட்டும் அனுப்பிக் கருத்துக் கேளுங்கள்.