குளிர்காலத்துச் சோர்வு – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். இரண்டு வருடமாக நார்வேயின் ஆஸ்லோவில் கணினித் துறையில் வேலை பார்க்கிறேன். கரிசல்காட்டு மழையைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்த பிறகு இதைக் கேட்கத் துணிந்தேன்.

போன வருடம் நவம்பரில் ஆரம்பித்தது. பத்து மணி நேரம் தூங்கினாலும் தூக்கம் தீரவில்லை. சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு என்று தின்றுகொண்டே இருந்தேன். யாரோடும் பேசப் பிடிக்காமல், அம்மாவின் அழைப்பைக்கூட எடுக்காமல் விட்டேன். மார்ச் கடைசியில் தானாகவே சரியாகிவிட்டது. ஜூனில் அப்படியே தலைகீழ். ராத்திரி பதினொரு மணிக்கும் வெளிச்சம், தூக்கமே வராமல் எதையாவது செய்துகொண்டே இருந்தேன். இப்போது மறுபடியும் நவம்பர், மறுபடியும் அதே பாரம்.

அம்மா இதை ஊர் ஏக்கம் என்கிறாள். இங்குள்ள தமிழ் நண்பர் ஒருவர், “முப்பது வருசமா இருக்கோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே” என்கிறார். பருவம் மாறினால் மனசும் மாறுமா அக்கா? நம் ஊரில் பருவம் என்று ஒன்றுமே கிடையாதே, அதனால்தான் எனக்குத் தாங்கவில்லையா? ஊரில் இருந்தவரை காடு கரை என்றால் எனக்கு உயிர். இங்கே ஜன்னல் திரையை விலக்கவே பயமாக இருக்கிறது.

ர.

அன்புள்ள ர,

நேரடியாகவே சொல்கிறேன். மாறும். உங்களுக்கு நடப்பது கற்பனை இல்லை, மனத்திடம் குறைந்ததால் வந்ததும் இல்லை. தீராத தூக்கம், மாவுப்பண்டத்தின் மேல் அடங்காத பசி, ஆட்களைத் தவிர்ப்பது, இலையுதிர்காலத்தில் வந்து வசந்தத்தில் தானே விலகுவது என்று நீங்கள் எழுதியிருக்கும் குறிகளைத்தான் மருத்துவர்கள் பருவகால மனச்சோர்வு என்கிறார்கள். உங்களுக்கு இருப்பது அதுதானா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆனால் ஊர் ஏக்கம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதை உறுதியாகச் சொல்வேன். ஏக்கமென்றால் அது ஜூனிலும் இருக்க வேண்டும்.

இந்த நோய்க்குப் பெயர் வைத்தவரும் உங்களைப் போல வெயில் நாட்டிலிருந்து போனவர்தான். நார்மன் ரோசந்தால் தென்னாப்பிரிக்காக்காரர். மனநல மருத்துவம் படிக்க 1976இல் நியூயார்க் போனார். பகல் சுருங்கியதும் தன்னுடைய சுறுசுறுப்பு வடிந்துபோவதையும், வசந்தத்தில் அது திரும்பி வருவதையும் தன்னிடமே கண்டார். பிறகு அவர் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் இருந்தபோது ஒரு பொறியாளர் அங்கே வந்தார். தன் மனநிலையின் ஏற்ற இறக்கங்களை வருடக்கணக்காக நோட்டில் குறித்து வைத்திருந்த மனிதர். ஏற்றமும் இறக்கமும் பருவத்தை ஒட்டியே போயிருந்தன. குளிர்காலத்தில் அவருக்குப் பலத்த வெளிச்சம் காட்டிப் பார்த்தார்கள்; சில நாட்களில் தெளிந்தார். 1984இல் ரோசந்தாலும் உடன் பணிபுரிந்தவர்களும் இந்த நோயை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். கோவில்பட்டியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். ஆஸ்லோவில் ஜூன் கடைசியில் பகல் 18 மணி 50 நிமிடம்; டிசம்பர் 21 வாக்கில் ஆறு மணி நேரம்கூட இல்லை. காலை ஒன்பதே காலுக்கு மேல் விடிந்து, பிற்பகல் மூன்றே கால் ஆவதற்குள் பொழுது அடைந்துவிடுகிறது. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. பார்ப்பதற்கான செல்கள் போக, வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதை அளந்து சொல்லும் செல்கள் நம் விழித்திரையில் தனியாக இருக்கின்றன. 2002 வாக்கில்தான் இது உறுதியானது. மூளையின் அடியில் உள்ள உயிர்க்கடிகாரம் இந்தச் செல்கள் அனுப்பும் செய்தியை வைத்துத்தான் நேரம் பார்க்கிறது. இருட்டில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் காலை வெளிச்சம் பட்டால் அடங்கும். அந்த வெளிச்சம் வராவிட்டால் கடிகாரம் பின்தங்கிப் போகிறது. அலாரம் ஏழு மணி என்கிறது. உங்கள் உடம்போ இன்னும் நடுச்சாமத்தில் இருக்கிறது. அறைவிளக்கு இதற்குப் போதாது. வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளப்பார்கள். அலுவலகத்தில் இருப்பது 300 முதல் 500 லக்ஸ். ஊரில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ்.

எல்லா உடம்பும் இதற்கு ஒரே மாதிரி வளைவதில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது, அதிலும் இளவயதில். உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. அவர் உடம்பைப் பற்றிச் சொல்கிறார். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் இருட்டை அலட்டிக்கொள்ளாமல் கடக்கிறார்கள் என்று நீங்கள் எண்ணிக்கொள்ள வேண்டாம். ஆஸ்லோவுக்கு மேற்கே ரியூக்கான் என்று ஒரு சிற்றூர், மலை இடுக்கில் இருக்கிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை அங்கே தரையில் வெயில் விழாது. ஊர்க்காரர்கள் மேலே போய் வெயில் காய்வதற்கென்றே அங்கே தொழிற்சாலை நடத்திய நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் 1928இல் ஒரு கம்பிவடத் தொட்டிலை (கேபிள் கார்) அமைத்துக் கொடுத்தது. 2013இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, ஊர்ச் சதுக்கத்தில் வெயில் விழும்படி திருப்பினார்கள். காலங்காலமாக அந்த மண்ணில் இருப்பவர்களே வெயிலுக்கு இவ்வளவு பாடுபட்டிருக்கும்போது, இரண்டு வருடம் முன்பு போன நீங்கள் சோர்ந்ததில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு நெடுநல்வாடை நினைவுக்கு வருகிறது. நக்கீரர் கூதிர்கால அடைமழையைச் சொல்கிறார். மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிப்போன கோவலர் நெருப்பில் கை காய்ச்சியும் நடுக்கம் தீராமல் நிற்கிறார்கள். பாலூட்ட வேண்டிய பசு கன்றை உதைத்துத் தள்ளுகிறது. ஊருக்குள் பெண்களுக்குச் சூரியனைப் பார்த்துப் பொழுது அறிய வழியில்லை. தட்டில் போட்டு வைத்த பிச்சி அரும்பு விரிந்து மணக்கும்போதுதான் அந்தியாகிவிட்டது என்று தெரிந்து விளக்கேற்றுகிறார்கள். வீட்டில் வாழும் செங்கால் புறா இருக்கிறதே, அது தன் பெடையோடு மன்றத்துக்குப் போய் இரை பொறுக்கவில்லை. இரவா பகலா என்று தெரியாமல் மயங்கி, செய்வதறியாமல், கூரையை ஒட்டிய பலகையில் கால் மாற்றி மாற்றி உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கடிதத்தை வாசித்தபோது நான் பார்த்தது அந்தப் புறாவைத்தான். அலாரத்தை அணைத்துவிட்டு, போனை எடுக்காமல், படுக்கையில் புரண்டு படுக்கிற ஒரு பெண்ணை நம் கவி இவ்வளவு காலத்துக்கு முன்பே புறாவின் வடிவில் பார்த்துவிட்டார். முல்லைக்குக் கார்காலம், பாலைக்கு வேனில் என்று மனத்தின் நிலைக்கே பருவம் குறித்து வைத்தவர்கள் நம்மவர்கள்.

அப்படி இருக்க, நம் ஊரில் பருவம் இல்லை என்று நீங்கள் எழுதியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. உங்கள் கரிசலில் புரட்டாசி ஈரத்தைப் பார்த்துத்தான் விதைப்பு. ஐப்பசியில் அடைமழை, மார்கழியில் பனி, பங்குனியில் வேப்பம்பூ, அதோடு பதநீரும் நுங்கும், ஆனி ஆடியில் கதவைப் பிடுங்குகிற மேகாற்று. நம் பருவம் மழையிலும் காற்றிலும் இருக்கிறது, வெளிச்சத்தில் அவ்வளவாக இல்லை. அதனால்தான் அங்கே போனதும் உங்களுக்கு அது வேறு எதுவோ போலத் தெரிகிறது. மனசு அப்போதும் மாறத்தான் செய்தது. மழை ஒரு வாரத்தைத் தாண்டினால் என் அம்மா முகமே மாறிவிடும். கொடியில் துணி காயாது. விறகு ஈரம் கோத்து, ஊதி ஊதிக் கண் சிவந்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வாள். வெயில் தலைகாட்டிய அன்று வீட்டிலுள்ள பாய், தலையணை, வத்தல் பானை எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பிவிட்டு வெற்றிலை போட உட்காருவாள். அன்றைக்கு அவளிடம் எதைக் கேட்டாலும் கிடைக்கும்.

ஆனால் அம்மாவுக்கு ஒவ்வொரு பருவத்திலும் ஒரு வேலை இருந்தது. மழைக்கு முன் விறகு சேர்ப்பது, கோடையில் வத்தல் போடுவது, தையில் வெள்ளையடிப்பது. பருவம் வந்து அவளைக் கூப்பிட்டது, அவள் எழுந்து போனாள். ஆஸ்லோவின் குளிர்காலத்துக்கும் உங்களுக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. அது வந்தால் நீங்கள் கதவைச் சாத்திக்கொள்கிறீர்கள், போகும்வரை காத்திருக்கிறீர்கள். வருடத்தில் ஐந்து மாதம் இப்படிக் காத்திருப்பிலேயே கழிந்தால் யாருக்குத்தான் தாங்கும்? உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்த இடம் இதுதான்.

இது என் மனம்போன பேச்சு மட்டும் இல்லை. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி ரோகன் ஓர் ஆய்வு செய்தார், 2016இல் முடிவு வந்தது. பருவகாலச் சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் காலையில் வெளிச்ச விளக்கு. மற்றவர்களுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை. குளிர்காலத்தைப் பற்றிய எண்ணங்களைத் திருத்துவது, குளிர்காலத்திலேயே பிடித்த காரியங்களைத் திட்டமிட்டுச் செய்வது, இதுதான் அந்தச் சிகிச்சை. அந்த வருடத்தில் இரண்டும் ஒரே அளவு பலன் கொடுத்தன. இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது விளக்கு வைத்தவர்களில் நூற்றுக்கு 46 பேருக்குச் சோர்வு திரும்பியிருந்தது. மற்றவர்களில் 27 பேருக்கு. காரி லைபோவிட்ஸ் என்ற உளவியலாளர் நார்வேயிலேயே ஆய்வு செய்தார். ஆஸ்லோவைவிட ட்ரோம்சோவில், அதைவிட ஸ்வால்பார்டில் என்று, வடக்கே போகப் போக மக்கள் குளிர்காலத்தை நல்ல விதமாகப் பார்ப்பது கூடிக்கொண்டே போயிற்று. ட்ரோம்சோவில் ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் எழுவதே இல்லை. இதைக் காட்டி யாராவது உங்களிடம் “நல்லபடியா நினைச்சுக்கோ, எல்லாம் சரியாயிரும்” என்றால் காதில் வாங்காதீர்கள். அந்த மக்கள் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்கவில்லை. வெளியே போகிறார்கள்.

நீங்களும் போக வேண்டும். மதியம் பன்னிரண்டு மணிக்கு அரை மணி நேரம், மேகமாக இருந்தாலும். சாப்பாட்டு இடைவேளையை மேசைமுன் கழிக்காதீர்கள். விடுமுறை நாளில் மெட்ரோ ரயில் 1ஆம் எண் வழித்தடத்தில் ஏறிக் கடைசி நிறுத்தமான ஃப்ரோன்யர்சேத்தெரன் வரை போய்ப் பாருங்கள். குளிர்காலத்தில் நகரம் மூடுபனிக்குள் கிடக்கும்போது மேலே வெயில் அடிக்கிற நாட்கள் உண்டு. அங்கிருந்து காட்டுக்குள் நடக்கலாம். விளைநிலம் அல்லாத காடு மேடுகளில் யாரும் நடக்கலாம் என்று அந்த நாட்டில் 1957இலிருந்தே சட்டம் இருக்கிறது. வெள்ளைப் பட்டை மரம் எது, ஊசியிலை மரத்தில் எது பைன், எது ஸ்புரூஸ் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊரில் புங்கையையும் உடைமரத்தையும் யாரோ ஒருவர் காட்டித்தானே உங்களுக்குத் தெரிந்தது. ஜனவரிக் கடைசியில் பகல் நீள ஆரம்பித்ததும், மஞ்சள் வயிறும் கறுப்புத் தலையும் வெள்ளைக் கன்னமுமாக ஒரு சின்னப் பறவை இரண்டு சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும். பனி அப்போதும் கிடக்கும். பறவைக்கு வெளிச்சம்தான் கணக்கு, உங்கள் உடம்பைப் போலவே. மார்ச், ஏப்ரலில் பனி உருகிய சாலையோரத்தில் ஹெஸ்தஹோவ் என்று அவர்கள் சொல்கிற மஞ்சள் பூ, இலை விடுவதற்கு முன்னாலேயே மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கும். அதை முதலில் பார்த்தவர் யார் என்று அங்கே பேசிக்கொள்வார்கள். அடுத்த வருடம் நீங்களும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஜூன் மாதத்துக்குக் கனமான கருந்திரை ஒன்று வாங்கி மாட்டிவிட்டு, நேரத்துக்குப் படுத்துவிடுங்கள்.

இவ்வளவும் மருத்துவரைப் பார்த்த பிறகு. உங்கள் பெயரில் பதிவாகியிருக்கும் குடும்ப மருத்துவரிடம் இந்த வாரமே நேரம் கேளுங்கள். எனக்கு எழுதிய கடிதத்தையே காட்டலாம், தேவையானதெல்லாம் அதில் இருக்கிறது. பத்தாயிரம் லக்ஸ் விளக்கைக் காலையில் அரை மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்வதுதான் வழக்கமான முறை; ஆனால் கண் நோய் உள்ளவர்களுக்கும், மனம் அளவுக்கு மீறிக் கிளர்ந்தெழும் இயல்புள்ளவர்களுக்கும் அது கெடுதல் செய்யலாம். உங்கள் ஜூன் மாதத்தைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள். வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்; அந்த ஊர்க் குளிர்கால வெயில் நம் தோலுக்கு அதைத் தராது. உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால், மருத்துவர் கொடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனடி மருத்துவ உதவி எண்ணான 116117க்கு அப்போதே அழையுங்கள்.

அம்மாவின் அழைப்பை எடுங்கள் ர. பேசத் தெம்பு இல்லையென்றால் அவளைப் பேசவிட்டுக் கேளுங்கள். உளுந்து எப்படி இருக்கிறது, ஓடையில் தண்ணீர் போகிறதா என்று கேட்டாலே அரை மணி நேரம் ஓடிவிடும். பிறகு உங்கள் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அவள் கேட்பாள். பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா