கசையடி: தவமா, காமமா?

கேள்வி: இடைக்கால ஐரோப்பாவில் பக்தர்கள் தம்மைத் தாமே சவுக்கால் அடித்துக்கொண்டார்கள் என்று படித்தேன். அது பக்தி வேடமிட்ட காமமே என்கிறார் என் நண்பர். உண்மையா?

பதில்: உங்கள் நண்பரின் கருத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் புழங்கி வருவதுதான், ஆனால் அந்தப் பக்தர்களின் காலத்தில் அவர்களைத் தாக்கியவர்கள்கூட அதை முதன்மையான குற்றமாகச் சொல்லவில்லை.

இயேசு பட்ட கசையடியைத் தம் உடலிலும் ஏற்பதே சிறந்த தவம் என்று 11ஆம் நூற்றாண்டில் பீட்டர் தமியான் என்ற இத்தாலியத் துறவி வலியுறுத்தினார். மடங்களுக்குள் இருந்த அந்த வழக்கம் 1260இல் பெரூஜா நகரில் பெருந்திரளாகத் தெருவுக்கு வந்தது. பின்னர் 1349இல், கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடிக்கொண்டிருந்தபோது, ஜெர்மானிய நகரங்களில் கூட்டங்கூட்டமாக ஆண்கள் ஊர்வலம் சென்றார்கள். இயேசு வாழ்ந்த ஆண்டுகளின் நினைவாக ஒவ்வோர் ஊர்வலமும் முப்பத்து மூன்றரை நாள் நீடித்தது. பெண்களுடன் பேசக் கூடாது என்பது அவர்களுடைய விதிகளுள் ஒன்று. மீறியவர் தலைவர் முன் மண்டியிட்டுத் தண்டனை பெற வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் போப் ஆறாம் கிளமெண்ட் இந்த இயக்கத்தைத் தடை செய்தபோது அவரைச் சினமூட்டியவை, திருச்சபையின் அனுமதியின்றிச் சாதாரண மக்கள் தாமே ஒரு சபை அமைத்துக்கொண்டதும், அவர்களுள் பலர் யூதர்களின் இரத்தத்தைச் சிந்தியதும்தான். அவர் அஞ்சியது காமத்துக்கு அல்ல, கீழ்ப்படியாமைக்கே என்று நான் கருதுகிறேன்.

காமம் பற்றிய ஐயத்தை அச்சில் பரப்பியதில் முக்கியப் பங்கு ஒரு மருத்துவருடையது. இடுப்பில் விழும் அடி சிறுநீரகப் பகுதியைச் சூடாக்கி ஆண்மையைத் தூண்டும் என்று யோஹான் ஹைன்ரிச் மைபோம் 1639இல் லத்தீனில் எழுதினார். 1700இல் ஷாக் புவாலோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அந்த வாதத்தைத் திருச்சபைக்குள்ளேயே கொண்டுவந்தார். இடுப்புக்குக் கீழே அடித்துக்கொள்ளும் பழக்கம் இச்சையைக் கிளறும் என்பது அவருடைய எச்சரிக்கை. அதன் பிறகு பாதிரிகளைப் பழிக்க விரும்பிய பிரெஞ்சு எழுத்தாளர்களுக்குப் பாவமன்னிப்பு அறையும் சவுக்கும் வற்றாத கதைப்பொருளாயின. இன்று நாம் அந்தக் கதைகளின் கண்ணாடி வழியாகவே 1349ஐப் பார்க்கிறோம். மனித மனத்தில் பக்தியும் காமமும் ஒருபோதும் கலந்ததில்லை என்று நான் வாதிட மாட்டேன், ஆனால் ஓர் இயக்கம் முழுவதையும் அப்படி விளக்குவது வரலாறு ஆகாது.

கேள்வி: நம் நாட்டுக் காமநூல்களில் அடிப்பதைப் பற்றிய குறிப்பு உண்டா?

பதில்: உண்டு. கலவியின்போது கையால் அடிப்பதற்கென்றே காமசூத்திரத்தில் ஒரு பகுதி இருக்கிறது; அங்கே தவம், பாவம் என்ற பேச்சு எழவில்லை. கடுமையான சில அடிகளைத் தென்னாட்டார் வழக்கம் என்று குறிப்பிடும் வாத்ஸ்யாயனர், அவற்றைக் கொடியவை என்று ஒதுக்குகிறார். அதற்கு அவர் தரும் சான்றுகளுள் ஒன்று, சித்திரசேனை என்ற கணிகை சோழ மன்னன் ஒருவனின் அடியால் இறந்துபோனது.