வக்கீலாகத் துடிக்கும் மகளும் பயப்படும் அப்பாவும்

அன்புள்ள ஐயா,

ப்ளஸ் டூ படிக்கும் மகள் "சட்டம் படித்து ஏழைகளுக்காக வாதாடுவேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், "சேவை சரி, சோத்துக்கு வழி?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான்.

1979-ல் பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தது. குற்றம் நிரூபணமாகியிருந்தால்கூட அவ்வளவு காலம் உள்ளே இருந்திருக்க மாட்டார்கள், அப்படிப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். அதைப் படித்துவிட்டு உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டவர் கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வழக்கறிஞர். விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கில் நீதிமன்றம் சொன்னது அப்படித்தான்.

அன்று ஒருவரின் அக்கறையால் நடந்த வேலைக்கு இன்று அரசு அமைப்பே இருக்கிறது. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வக்கீலுக்கான கட்டணத்தை ஆணைக்குழு கொடுத்துவிடும். 2022-ல் இன்னொரு படி மேலே போய், ஏழைக் கைதிகளின் குற்ற வழக்குகளை நடத்த மாவட்டங்களில் முழுநேர வக்கீல்களை நியமிக்கும் திட்டம் வந்தது. மூன்று வருட அனுபவம்கூட ஆகாதவர்கள் இதில் உதவி வழக்கறிஞராகச் சேரலாம். மாதா மாதம் மதிப்பூதியம் வரும், ஆனால் வெளியில் சொந்தமாக கேஸ் எடுக்கக் கூடாது. ஒப்பந்த வேலைதான், அதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் சில வருடங்கள் கஷ்டம், மறைக்க விரும்பவில்லை. சீனியரின் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே கோர்ட்டுக்கு ஓடி, வாய்தா வாங்கி, மாலையில் ஆபீசில் மனு எழுத வேண்டும். பல சீனியர்கள் பஸ் செலவுக்குத்தான் கொடுக்கிறார்கள். அதுவரை வீடு தாங்க வேண்டும். சீனியரைத் தேடும்போது பெரிய பெயரைப் பார்க்காதீர்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யக் கற்றுத்தரும் சீனியர் கிடைத்தால் போதும். நீதிபதி தேர்வு எழுதவும் மூன்று வருட வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அந்தக் காலம் வீணாகப் போகாது.

திருச்சியிலுள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர கிளாட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வு இப்போதெல்லாம் டிசம்பரிலேயே நடந்துவிடுகிறது, பொதுத்தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்ணே போதும், கட்டணமும் குறைவு. அப்புறம், அரையாண்டு விடுமுறைக்கு முன் ஒரு வேலைநாளில் அவளை உங்கள் ஊர்க் கோர்ட்டுக்கு அழைத்துப் போய், ஜாமீன் மனுக்கள் விசாரிக்கப்படுவதைப் பார்க்க வையுங்கள். நீங்களும் கூடவே உட்காருங்கள்.