முப்பதைத் தாண்டிய நட்சத்திர வீரரைக் கால்பந்து அணி வாங்கலாமா?

குன்னூர் டீக்கடையில் கால்பந்துப் பேச்சு சூடுபிடித்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஒப்பந்தம் முடியாத வீரரை விடுவிக்க, வாங்கும் அணி பழைய அணிக்குக் கொடுக்கும் தொகைதான் டிரான்ஸ்ஃபர் கட்டணம். சம்பளம் தனி.

இளம் வீரர் என்றால் நாலு வருடம் ஆடவிட்டுத் திரும்ப விற்கலாம். வயதானவரிடம் அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டிருக்கும். 2018-இல் இத்தாலியின் யுவென்டஸ் அணி 33 வயது ரொனால்டோவுக்கு 10 கோடி யூரோ கொடுத்தது. மூன்று சீசனில் நூறு கோலுக்கு மேல் அடித்தார், இத்தாலிய லீக் பட்டம் இரண்டு முறை வந்தது. குறிவைத்த சாம்பியன்ஸ் லீக், அதாவது ஐரோப்பாவின் முன்னணி அணிகள் மோதும் போட்டியின் கோப்பை மட்டும் வரவில்லை. 2021-இல் அவரை விற்றபோது கைக்கு வந்தது சுமார் ஒன்றரைக் கோடி யூரோ.

கோத்தகிரிப் பக்கம் பழைய ஜீப் வாங்குபவரைப் பாருங்கள். பானெட்டைத் தூக்கி இன்ஜின் சத்தம் கேட்பார், கிளட்சை மிதிப்பார், இரண்டாவது கியரில் ஏற்றத்தில் ஏற்றிப் பார்ப்பார். பெயின்ட் பளபளப்புக்குக் காசு தரமாட்டார். எஸ்டேட் சாலைக்கா, மேட்டுப்பாளையம் லோடுக்கா என்பதை வைத்துத்தான் விலையே பேசுவார்.

வீரரிடமும் அதே பார்வை வேண்டும். வேகத்தை நம்பும் விங்கர், அதாவது ஓரமாக ஓடித் தாக்கும் வீரர், சீக்கிரம் தேய்வார். இடமறிந்து நிற்கும் தடுப்பாட்டக்காரர் தாக்குப்பிடிப்பார். தியாகோ சில்வா 2020-இல் 35 வயதில் கட்டணமே இல்லாமல் இங்கிலாந்தின் செல்சி அணிக்கு வந்தார். அடுத்த ஆண்டே சாம்பியன்ஸ் லீக்! கட்டணம் குறைவு, ஒப்பந்தம் ஓரிரு வருடம் என்றால் வாங்கலாம் என்பேன்.

அப்புறம், ஜெர்சி விற்றே போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பெரும்பங்கு தயாரிக்கும் நிறுவனத்துக்கும் கடைக்கும் போய்விடுகிறது, அணிக்குக் கிடைப்பது சிறு பங்குதான்.